சைரீன் அரசர் மாகஸ்: தின்றே செத்த சோம்பேறியா, தாலமியைத் தடுத்து நிறுத்திய கெட்டிக்காரரா?

பழங்காசு

அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் ஐந்து யவன அரசர்கள் வருகிறார்கள்: அந்தியோக, துலமய, அந்தெகின, மக, அலிகசுந்தர. முதல் மூவர் சிரியா, எகிப்து, மாசிடோனியா அரசர்கள். அவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். நான்காம் ஆளுக்கு வந்தால் "வட ஆப்பிரிக்காவில் சைரீனை ஆண்ட மாகஸ்" என்று ஒரு வரியோடு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி ஆளுக்காகத்தான் இந்த விவாத இழை.

முதலில் ஊர். இன்றைய கிழக்கு லிபியாவில், கடலை ஒட்டி எழும் பச்சை மலை மேட்டில் இருந்த கிரேக்க நகரம் சைரீன். தீரா தீவிலிருந்து வந்தவர்கள் கி.மு. 631 வாக்கில் குடியேறிய இடம். மழை உண்டு, கோதுமை விளையும், குதிரைக்குப் பெயர் போனது. அலெக்சாண்டர் காலத்தில் கிரேக்கத்தில் பஞ்சம் வந்தபோது இந்த ஊர் 8 லட்சம் மெடிம்னோஸ் (கிரேக்கத் தானிய அளவு) தானியம் அனுப்பியதாக ஒரு கல்வெட்டே இருக்கிறது. ஏதென்ஸுக்கு மட்டும் 1 லட்சம். கையில் வைத்திருந்தால் கஜானா நிறையும் ஊர். ஆனால் அடங்காத ஊர். அலெக்சாண்டருக்குப் பின் எகிப்தை ஆண்ட முதலாம் தாலமி 322இல் பிடித்தார். அப்புறம் 313 வாக்கில் ஒரு கலகம், சில ஆண்டுகள் கழித்து இன்னொன்று. நடுவில் அவர் வைத்த ஆளுநர் ஓஃபெல்லஸ் கார்த்தேஜ் மேல் படையெடுக்கப் போய், கூட்டாளி என்று நம்பிய அகதோக்ளிஸ் கையாலேயே 308இல் செத்தார்.

இந்த ஊரை மீட்க தாலமி அனுப்பிய ஆள்தான் மாகஸ். தாலமியின் மனைவி பெரனிகே, முதல் கணவர் பிலிப்புக்குப் பெற்ற மகன். பெரனிகே எகிப்துக்கு அரசியாக வரவில்லை. தாலமியின் இன்னொரு மனைவி யூரிடிகேயின் பரிவாரத்தில் ஒருத்தியாக வந்தவர். வந்த இடத்தில் அரசரின் மனத்தைப் பிடித்து, முதல் கணவரின் மகனுக்கு ஒரு நாட்டையும் இரண்டாம் கணவரின் மகனுக்கு எகிப்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். மாகஸ் சைரீனை மீட்டது 300 வாக்கில். மாற்றாந்தந்தை உயிரோடு இருந்தவரை ஒழுங்கான ஆளுநர். 282இல் அவர் இறந்து, தம்பி இரண்டாம் தாலமி தனியாக ஆளத் தொடங்கிய சில ஆண்டுகளில் (276 வாக்கில் என்பது பொதுவான கணக்கு) தன்னை அரசர் என்று அறிவித்துக்கொண்டார். சிரியாவின் முதலாம் அந்தியோகஸ் மகள் அபாமாவை மணந்தார். எகிப்து மேல் படை எடுத்தார். கடைசிவரை எகிப்தால் அவரை அசைக்க முடியவில்லை.

என் கருத்து இதுதான்: அந்தக் காலத்துச் சிறு அரசர்களில் இவ்வளவு அளந்து காய் நகர்த்தியவர்கள் குறைவு. மறுப்பவர்கள் வாருங்கள்.

சும்மாவந்தேன்

உடம்பு பெருத்து மூச்சடைத்துச் செத்த அரசர் இவர்தானே? எங்கோ படித்த ஞாபகம். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே சார், அதுதானே சுவையான பகுதி!

மறுதலை

அவரேதான். அதீனேயஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் தன் விருந்து நூலில், அகதார்கிடீஸ் என்ற வரலாற்றாசிரியர் சொன்னதாக இதை எடுத்துக் காட்டுகிறார். மாகஸ் ஐம்பது ஆண்டு சைரீனை ஆண்டார், போர் எதுவும் இல்லை, சுகபோகமாக வாழ்ந்தார், உடலுக்கு வேலை கொடுக்காமல் அளவில்லாமல் உண்டு, கடைசிக் காலத்தில் பெருத்துப்போய் அந்தச் சதையே மூச்சை அடைத்து இறந்தார் என்று.

பழங்காசு இதை மறைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. "அளந்து காய் நகர்த்தியவர்" என்ற படத்துக்கு இது ஒத்துவராது. சரி, அந்தச் செய்தியை விட்டுவிடுவோம். அவர் எடுத்த ஒரே படையெடுப்பை எடுத்துக்கொள்வோம். கிரேக்கப் பயண நூல் எழுதிய பாசனியஸ் சொல்வது என்ன? எகிப்தை நோக்கிப் போனார். தாலமி எல்லையை அரண் செய்து காத்திருந்தார். வழியிலேயே, பின்னால் மர்மரிடே என்ற லிபிய நாடோடி இனத்தார் கலகம் செய்கிறார்கள் என்று சேதி வந்தது. மாகஸ் திரும்பிவிட்டார். அவ்வளவுதான். ஒரு சண்டைகூட நடக்கவில்லை. இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே? தன் கொல்லைப்புறத்தை அடக்கி வைக்காமல் அடுத்தவன் வீட்டுக்குப் படை கொண்டு போனவரை நான் வேறு மாதிரி அழைப்பேன்.

பழங்காசு

நான் மறைக்கவில்லை ஐயா, அதைத் தலைப்பிலேயே வைத்துத்தான் இழையைத் தொடங்கியிருக்கிறேன்.

அகதார்கிடீஸ் "போர் இல்லை" என்கிறார். பாசனியஸ் எகிப்து மேல் படை போனது என்கிறார். இரண்டும் ஒருங்கே சரியாக இருக்க முடியாது. அகதார்கிடீஸ் மாகஸுக்கு ஒரு நூற்றாண்டு பிந்தியவர், எகிப்தில் தாலமிகளின் அதிகாரி வட்டத்தில் வளர்ந்தவர். தாலமியை எதிர்த்து நின்ற ஓர் அரசரைப் பற்றி அந்த வட்டத்தில் என்ன கதை உலவும்? அதீனேயஸுக்கோ குண்டு மனிதர்கள் பட்டியல் வேண்டும்; ஆட்சி முறை அவருக்கு எதற்கு? அந்தப் பகுதி முழுக்கவே பெருத்த அரசர்கள் வரிசைதான், பின்னால் வந்த தாலமிகளும் அதில் உண்டு. ஐம்பது ஆண்டு ஆண்ட ஒருவர் வயதான காலத்தில் பருத்திருக்கலாம், அதனால் இறந்துமிருக்கலாம். அதை வைத்து ஐம்பது ஆண்டையும் எடை போடுவது நியாயமில்லை.

படையெடுப்புக்கு வருகிறேன். சைரீனிலிருந்து அலெக்சாந்திரியா நேர்க்கோட்டிலேயே 800 கி.மீ. அளவு. நடுவில் மர்மரிகா வறண்ட கரை. அதைக் கடக்க அவர் என்ன செய்தார் என்பதைப் பாலியீனஸ் தன் போர்த் தந்திரத் தொகுப்பில் குறித்து வைத்திருக்கிறார். பரைடோனியத்தை (இன்றைய மெர்சா மத்ரூஹ்) பிடித்தார். அங்கே எகிப்தின் தீச்சைகைக் காவலர்கள் இருந்தார்கள். அவர்களைக் கொல்லாமல், வழக்கம்போல மாலையிலும் விடியலிலும் "எல்லாம் நலம்" என்னும் நட்புத் தீயையே ஏற்ற வைத்தார். அடுத்த காவல் மேடையில் இருப்பவனுக்கு எதுவும் தெரியாது. அப்படியே கியோஸ் என்னும் இடம்வரை முன்னேறிவிட்டார். போர் இல்லாமல் சுகமாகக் கிடந்தவர் செய்யும் வேலையா இது?

அவர் திரும்பியதற்கு மர்மரிடேக்கள் காரணம் என்பது உண்மை. ஆனால் அதே பாசனியஸின் அடுத்த வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். திரும்பிப் போகும் மாகஸைத் துரத்த தாலமி கிளம்பினார். முடியவில்லை. அவரிடம் கூலிக்கு இருந்த 4,000 கலாத்தியர்கள் (கெல்ட் இனப் போர்வீரர்கள்) எகிப்தையே கைப்பற்றத் திட்டம் போட்டுவிட்டார்கள். அவர்களை நைலில் ஆளில்லாத ஒரு தீவுக்குக் கொண்டு போய் விட்டு, பட்டினியாலும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டும் சாகவிட்டார் தாலமி. மாகஸுக்கு எதிராகச் சேர்த்த படை கடைசியில் தாலமிக்கே எமனாகப் பார்த்தது.

நைல்நதி

கலாத்தியர் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தச் சம்பவத்தைப் பெரிய வெற்றியாகப் பாடியவர் கவிஞர் கல்லிமாக்கஸ். டெலோஸ் தீவின் மேல் அவர் எழுதிய துதியில், அப்போல்லோ தாயின் வயிற்றிலிருந்தபடியே தாலமியின் பிறப்பையும் கலாத்தியர் நைலில் அழிவதையும் முன்னறிவிக்கிறார்! அந்தக் கல்லிமாக்கஸ் எந்த ஊர்? சைரீன். ஊரை நிறுவிய பட்டஸின் வழிவந்தவன் என்று பெருமை பேசியவர். தன் சொந்த ஊர் அரசர் கிளப்பிய போரில் எதிரி அரசருக்கு நேர்ந்த சங்கடத்தை, எதிரி அரசவையில் உட்கார்ந்து வெற்றிக் கவிதையாக்கிவிட்டார். சம்பளம் எங்கேயோ பாட்டும் அங்கே.

மாகஸ் ஏன் பிரிந்து போனார் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். இரண்டாம் தாலமி பட்டத்துக்கு வந்ததும் செய்த காரியங்களைப் பாருங்கள். சதி செய்ததாகச் சொல்லி ஆர்கியஸ் என்ற சகோதரனைக் கொன்றார். யூரிடிகே வயிற்றில் பிறந்த இன்னொரு சகோதரன் சைப்ரஸ் மக்களைத் தூண்டிவிட்டான் என்று அவனையும் கொன்றார். பாசனியஸ் இந்த இரண்டு கொலைகளையும் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே மாகஸின் கலகத்துக்கு வருகிறார். மாகஸ் தாய் வழியில் மூத்தவர், கையில் ஒரு நாடும் படையும் இருக்கிறது. பங்காளிச் சண்டை என்றும் சொல்ல முடியாது, தகப்பன் வேறு. அதனால் எகிப்துப் பட்டத்துக்கு அவருக்கு உரிமை கிடையாது. ஆனாலும் அடுத்த பெயர் தன்னுடையது என்று அவருக்குத் தோன்றியிருக்காதா?

மறுதலை

பயந்து கலகம் செய்தார் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். கெட்டிக்காரத்தனம் என்பதோடுதான் எனக்குச் சண்டை.

எகிப்துக்கு உண்மையில் தொல்லை கொடுத்தவர் யார்? மாமனார் அந்தியோகஸ். முதல் சிரியப் போர், 274 முதல் 271 வரை. பாபிலோனிய வானியல் குறிப்பேட்டில்கூட அந்த ஆண்டு அரசர் எகிப்துப் படைக்கு எதிராக யூப்ரடீஸுக்கு அப்பால் போனார் என்று பதிவு இருக்கிறது. அந்தப் போரில் மாகஸ் எங்கே? காணோம். மாமனாரைத் தூண்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். போர் முடிந்தபோது தாலமிதான் மேலே இருந்தார்.

சொந்த ஊரில் அவருக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதற்கும் பாலியீனஸையே எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் சொன்ன தீச்சைகைக் கதைக்கு முந்தின கதை என்ன தெரியுமா? மாகஸ் வெளியே படையெடுத்துப் போகும்போது, ஊரில் கலகம் வந்துவிடும் என்று அஞ்சி, ஆயுதங்களை எல்லாம் எடுத்துக் கோட்டைக்குள் வைத்துத் தன் நண்பர்களைக் காவல் போட்டார். நகர மதிலின் மேல்விளிம்பு அரண்களை இடித்துவிட்டார். யாராவது கதவைச் சாத்தினாலும் திரும்பி வந்து சுலபமாக உள்ளே புகுந்துவிடலாம் என்று. தன் தலைநகரின் மதிலைத் தானே மொட்டையடிக்கும் அரசருக்கு மக்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும்?

பழங்காசு

மக்கள் மேல் நம்பிக்கை இல்லை என்பது சரிதான். அந்த ஊரின் கடந்த காலத்தைப் பார்த்தால் நம்பாததுதான் புத்திசாலித்தனம்! முதலாம் தாலமி அந்த ஊருக்கு ஓர் அரசியல் சட்டமே எழுதிக் கொடுத்தார், கல்லில் இன்றும் இருக்கிறது. 10,000 பேர் குடிமக்கள், 101 பேர் மூத்தோர் அவை, 500 பேர் மன்றம், தளபதிகள் வரிசையில் தாலமி நிரந்தரமாக ஒருவர். இவ்வளவு கொடுத்தும் பத்து ஆண்டு தாங்கவில்லை, கலகம். அப்படிப்பட்ட ஊரில் மாகஸ் தன் சாவு வரை உட்கார்ந்திருந்தார், ஆளுநராகப் பாதி, அரசராகப் பாதி. இந்த ஐம்பது ஆண்டில் ஊருக்குள் அவரைத் தூக்கியெறிந்ததாக ஒரு செய்தியும் கிடையாது.

மாமனாரைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தார் என்கிறீர்கள். அதைத்தானே நானும் சொல்கிறேன். தாலமியின் படைபலத்தோடு தனியாக மோதினால் சைரீன் ஒரு பருவம் தாங்காது. தாலமியின் கண்ணைச் சிரியாப் பக்கம் திருப்பிவிட்டால் போதும்.

வரலாற்று மாணவி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மாகஸின் குணத்தைக் காட்டும் இன்னொரு செய்தி புளூடார்க்கின் கோபம் பற்றிய கட்டுரையில் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

ஃபிலமோன் என்ற நகைச்சுவை நாடக ஆசிரியர் மேடையிலேயே மாகஸைக் கிண்டல் செய்தார். "மாகஸ், அரசரிடமிருந்து உனக்குக் கடிதம் வந்திருக்கிறது, பாவம், உனக்குத்தான் எழுத்தே தெரியாதே" என்கிற மாதிரி ஒரு வசனம். பிறகு புயலில் சிக்கி ஃபிலமோனின் கப்பல் பரைடோனியத்தில் ஒதுங்க, ஆள் மாகஸின் கையில் அகப்பட்டுக்கொண்டார். மாகஸ் ஒரு படைவீரனை அனுப்பி, உருவிய வாளால் ஃபிலமோனின் கழுத்தை மெல்லத் தொட்டுவிட்டு மரியாதையாகத் திரும்பி வரச் சொன்னார். அப்புறம் விவரம் தெரியாத சிறு பிள்ளைக்குக் கொடுப்பதுபோல விளையாடத் தாயக்கட்டையும் பந்தும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கவனிக்க வேண்டியது அந்தக் கிண்டலில் வரும் "அரசர்". அதாவது மாகஸ் இன்னொருவருக்குக் கீழே இருப்பவர், மேலிருந்து உத்தரவு வரும் ஆள் என்ற குத்தல். எழுத்தறிவில்லாதவன் என்பதைவிட அதுதான் அவருக்கு அதிகம் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, "நாத்திகர்" என்றே பெயர் வாங்கிய தியோடோரஸ் என்ற தத்துவவாதி ஊர் ஊராகத் துரத்தப்பட்டு, கடைசியில் சைரீனுக்குத் திரும்பி மாகஸோடு மதிப்பாக வாழ்ந்தார் என்று தயோஜனிஸ் லயெர்டியஸ் எழுதுகிறார். ஏதென்ஸிலேயே வழக்கில் மாட்டியவர் அவர். அவரை அருகில் வைத்துக்கொள்ளத் துணிச்சலும் கொஞ்சம் படிப்பு ஆசையும் வேண்டும். எரடோஸ்தெனீஸ் பிறந்ததும் இதே ஊரில், மாகஸ் ஆட்சியில்தான், 276 வாக்கில். ஆனால் அவர் பூமியை அளந்தது எகிப்தில்.

சும்மாவந்தேன்

தாயக்கட்டை அனுப்பியது நன்றாக இருக்கிறது. இந்த ஒரு கதைக்காக நான் மாகஸ் கட்சி. :)

காசுப்பெட்டி

பழங்காசு என்று பெயர் வைத்துக்கொண்டு காசைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே அண்ணா, அதனால் நான் எழுதுகிறேன்.

சைரீன் காசு என்றாலே ஒரு பக்கம் சில்ஃபியம் செடிதான். தண்டு பருத்து, இரு பக்கமும் இலை விரிந்து நிற்கும். சமையலுக்கும் மருந்துக்கும் உதவிய பிசின் அதில் கிடைத்தது. அந்த மேட்டு நிலத்தைத் தவிர வேறெங்கும் விளையாது. ரோமர் காலத்தில் நீரோவுக்கு ஒரே ஒரு செடியைக் காணிக்கையாகக் கொண்டு போனார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அத்தோடு போயிற்று.

மாகஸின் காசுகளில் அவர் பெயர் முழுதாக இருப்பதில்லை. பெயரின் எழுத்துகளைப் பின்னிய சிறு முத்திரைக் குறி மட்டும் இருக்கும். கலகக் காலத்தவை என்று காசியலாளர்கள் வகைப்படுத்தும் வெண்கலக் காசுகளில் முகம் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? செத்துப்போன மாற்றாந்தந்தை முதலாம் தாலமியின் முகம். எழுத்தும் "அரசர் தாலமியின்" என்றே. மூலையில் மாகஸின் குறி. தம்பியோடு போர், ஆனால் தம்பியின் அப்பாவைக் காசிலிருந்து எடுக்கவில்லை.

பழங்காசு கட்சிக்கு இது வலு சேர்க்கும் என்பது என் எண்ணம். "எனக்கு இந்த நாட்டைக் கொடுத்தவர் பெரியவர், அவர் கொடுத்ததை நீ பிடுங்க முடியாது" என்று ஒவ்வொரு காசும் சந்தையில் சொல்லிக்கொண்டு போகிறது.

மறுதலை

அல்லது புது அச்சு வெட்ட ஆளில்லாமல் பழைய அச்சையே ஓட்டினார் என்றும் சொல்லலாம்.

காசுப்பெட்டி

மறுதலை ஐயா, முத்திரைக் குறியை வெட்டத் தெரிந்தவனுக்கு முகத்தை வெட்டத் தெரியாதா? சைரீன் பட்டறை அதற்கு இரு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே அருமையான வெள்ளிக் காசுகளை அடித்த இடம்.

கல்வெட்டுக்காரன்

இத்தனை பேர் எழுதியும் மாகஸ் இந்தியாவுக்கு ஏன் முக்கியம் என்பதை யாரும் தொடவில்லை. அவர் எந்த ஆண்டில் செத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மௌரியர் காலத்துக்கு நம் பக்கத்து மூலங்களிலிருந்து மட்டும் ஆண்டுக் கணக்குப் போட முடியாது. புராணங்கள் ஒன்று சொல்லும், இலங்கை வம்சக் கதைகள் இன்னொன்று சொல்லும். வெளிநாட்டு அரசர்களின் ஆண்டுகளோடு பொருத்திப் பார்ப்பதுதான் வழி. 1838இல் ஜேம்ஸ் பிரின்செப் இந்த யவனப் பெயர்களை அடையாளம் கண்டுகொண்டதும் அசோகரின் காலம் ஒரே அடியில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. கல்வெட்டு வெட்டப்பட்டபோது ஐந்து பேரும் ஆட்சியில் இருந்திருக்க வேண்டும், அல்லது செத்த சேதி பாடலிபுத்திரத்துக்கு இன்னும் வராமல் இருந்திருக்க வேண்டும்.

ஐந்து பேரில் இரண்டாம் தாலமி 246 வரை ஆண்டார். மாசிடோனியாவின் அந்திகோனஸ் கொனாட்டஸ் 239 வரை. இரண்டாம் அந்தியோகஸ் 261 முதல் 246 வரை. இவர்களை வைத்துக் காலத்தைக் குறுக்க முடியாது, இடைவெளி பெரிது. இறுக்கிப் பிடிப்பவர் மாகஸ்தான். அங்கேதான் மறுதலை சொன்ன அந்தக் குண்டுக் கதை வந்து நிற்கிறது, ஏனென்றால் "ஐம்பது ஆண்டு ஆண்டார்" என்ற எண் அந்த ஒரே வாக்கியத்தில்தான் கிடைக்கிறது!

பழைய ஆய்வாளர்கள் சிலர், ஓஃபெல்லஸ் செத்த 308இலிருந்தே மாகஸ் ஆண்டார் என்று கொண்டு, 50ஐக் கழித்து 258இல் இறந்தார் என்றார்கள். அப்படியானால் பதின்மூன்றாம் கல்வெட்டை அதிகம் தள்ளிப் போட முடியாது. இன்று பெரும்பாலோர், பாசனியஸ் "கலகத்தின் ஐந்தாம் ஆண்டில் மாகஸ் மீட்டார்" என்பதை வைத்து 300 என்று தொடங்கி 250இல் முடிக்கிறார்கள். அவர் மகளின் கல்யாணம் 246 வாக்கில் நடந்ததும் இதோடு நன்றாகப் பொருந்துகிறது. 258இல் அப்பா செத்திருந்தால் நடுவில் பன்னிரண்டு ஆண்டு என்ன நடந்தது என்று யாராலும் நிரப்ப முடியாது.

இதிலேயே இன்னொரு முடிச்சு. அலிகசுந்தர யார்? எபிரஸ் நாட்டு அலெக்சாண்டரா (272இல் பட்டம்), கொரிந்தில் கொனாட்டஸுக்கு எதிராகக் கிளம்பிய அலெக்சாண்டரா (250களின் கடைசியில்தான் தனி அரசர்)? மாகஸ் 258இல் செத்திருந்தால் கொரிந்துக்காரருக்கு இடமே கிடையாது. 250 என்றால் கதவு கொஞ்சம் திறக்கிறது. அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் பட்டமேறிய 13, 14ஆம் ஆண்டுகளில், அதாவது 257, 256 வாக்கில் வெட்டப்பட்டவை என்ற வழக்கமான கணக்கில் எபிரஸ்தான் பொருந்தும். நான் எபிரஸ் பக்கம்.

ஆகவே பழங்காசு, அகதார்கிடீஸை அரண்மனைக் கிசுகிசு என்று தள்ளிவிட்டால் உங்கள் "ஐம்பது ஆண்டு" என்ற வாதமும் கூடவே போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பழங்காசு

ஆட்சி ஆண்டு எண்ணிக்கை வேறு, சாவுக்குச் சொல்லும் காரணம் வேறு. ஆண்டுக் கணக்கு அரண்மனைப் பதிவிலிருந்து வரும். குண்டுக் கதை விருந்து மேசையிலிருந்து வரும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் சந்தேகிப்பதில் தவறில்லை.

யாழ்வாசி

வணக்கம். எனக்கு ஒரு கேள்வி. அதே கல்வெட்டிலேதானே சோழர், பாண்டியர், தாம்பபண்ணி (இலங்கை) வரைக்கும் என்று வருகிறது? அப்படியென்றால் மாகஸும் எங்கட பக்கத்து அரசர்களும் ஒரே வசனத்தில் நிற்கிறார்கள். அசோகரின்ர தூதுவர்கள் உண்மையிலேயே லிபியா வரைக்கும் போனார்களா? சைரீனில் அதற்கு ஏதும் தடயம் இருக்கிறதா?

கல்வெட்டுக்காரன்

ஆமாம், அடுத்தடுத்துத்தான். அறத்தால் வென்ற வெற்றி எல்லைகளெங்கும் கிடைத்தது, 600 யோசனை தொலைவில் அந்தியோக என்னும் யவன அரசர் இருக்கும் இடம் வரை, அவருக்கும் அப்பால் நான்கு அரசர்கள் இருக்கும் இடம் வரை, தெற்கே சோழர், பாண்டியர், தாம்பபண்ணி வரை என்று வரிசை போகிறது. ஷாபாஸ்கர்ஹி, கால்சி பாறைகளில் "மக" தெளிவாக இருக்கிறது. கிர்னாரில் அந்தப் பகுதி உடைந்திருந்தாலும் இந்தப் பெயர் தப்பிவிட்டது. கலிங்கத்தில் தௌலி, ஜௌகடா இரண்டிலும் பதின்மூன்றாம் கல்வெட்டே வெட்டப்படவில்லை. கலிங்கப் போரின் சாவுக் கணக்கைக் கலிங்கத்தாரிடமே சொல்ல அசோகர் விரும்பவில்லை போலும்.

சைரீன் பக்கத்தில் தடயம் எதுவும் கிடையாது. கிரேக்க எழுத்தாளர் ஒருவர்கூட இப்படித் தூது வந்ததாகச் சொல்லவில்லை. காந்தகாரில் கிடைத்த கிரேக்க மொழிப் பலகையில் பன்னிரண்டின் கடைசியும் பதின்மூன்றின் தொடக்கமும் மட்டும் இருக்கின்றன. அரசர் பெயர்கள் வரும் பகுதிக்கு முன்பே கல் முடிந்துவிடுகிறது. அது இருந்திருந்தால் மாகஸ் பெயரைக் கிரேக்க எழுத்திலேயே அசோகர் வாயால் படித்திருக்கலாம்.

தூதர் போனார்களா என்பதற்குக் கல்வெட்டே ஒரு சந்து வைத்திருக்கிறது. தம் தூதர்கள் போகாத இடங்களிலும் மக்கள் அறத்தைக் கேள்விப்பட்டுப் பின்பற்றுகிறார்கள் என்று அடுத்துச் சொல்கிறார் அசோகர். சிரியாவுக்கும் எகிப்துக்கும் போக்குவரத்து இருந்தது உறுதி. இரண்டாம் தாலமி டயோனிசியஸ் என்ற தூதரை இந்தியாவுக்கு அனுப்பியதைப் பிளினி குறிப்பிடுகிறார். சைரீனின் பெயர் சிரிய அரசவை வழியாகவே பாடலிபுத்திரம் சேர்ந்திருக்கலாம் என்பது என் ஊகம். மாகஸ் அந்த வீட்டு மருமகன் அல்லவா.

வரலாற்று மாணவி

அது ஊகம் என்றாலும் நல்ல ஊகம். பெர்காமோனின் யூமெனஸ் மாகஸின் சமகாலத்தவர், பணக்காரர், ஆனால் அசோகர் பட்டியலில் இல்லை. பாக்ட்ரியாவுக்கு அப்போது தனி அரசரே கிடையாது. சைரீனைப் போன்ற தொலைதூர ஊர் மட்டும் பட்டியலில் இருக்கிறது என்றால், 250களில் மாகஸை உலகம் தாலமியின் ஆளுநராகப் பார்க்கவில்லை, தனி அரசராகவே எண்ணியது என்று அர்த்தம். மறுதலை ஐயா இதற்கு என்ன சொல்வார்?

மறுதலை

அரசர் என்று எண்ணப்பட்டார் என்பதை நான் மறுக்கவே இல்லையே. கிரீட் தீவின் லிசோஸில் கிடைத்த ஒப்பந்தக் கல்வெட்டில் அந்தத் தீவின் மலைவாசிக் கூட்டணி மாகஸோடு உறவு வைத்துக்கொள்கிறது. வெளியுறவு நடத்தினார், சரி. நான் கேட்பது வேறு. அவர் செத்த பிறகு என்ன மிஞ்சியது? தன் ஒரே மகளைத் தாலமியின் மகனுக்கே நிச்சயம் செய்துவிட்டுப் போனார். ஒரு தலைமுறை எதிர்த்து நின்றுவிட்டுக் கடைசியில் நாட்டைச் சீதனமாகத் திருப்பிக் கொடுத்தார். இதற்கா இவ்வளவு பாடு?

நைல்நதி

அந்தக் கல்யாணக் கதையை முழுதாகச் சொல்லிவிட வேண்டும், தெரியாதவர்களுக்காக.

மாகஸ் தன் மகள் பெரனிகேயைத் தாலமியின் மகனுக்குப் பேசி முடித்தது பகையைத் தீர்க்க என்று ரோம வரலாற்றாசிரியர் ஜஸ்டின் சொல்கிறார். மாகஸ் கண்ணை மூடியதும் மனைவி அபாமா அதை முறித்தார். (ஜஸ்டின் அவரை அர்சினோயே என்கிறார், பெயர்க் குழப்பம்.) சிரியாவை ஆண்ட செலூகிய வீட்டுப் பெண் அவர், எகிப்துக்கு நாட்டைக் கொடுக்க மனம் வராது. மாசிடோனியாவிலிருந்து அந்திகோனஸ் கொனாட்டஸின் தம்பி தெமெத்ரியஸை மாப்பிள்ளையாக வரவழைத்தார். "அழகன்" என்றே பெயர் வாங்கிய ஆள். வந்த அழகன் அழகுத் திமிரில் படைவீரர்களையும் அரச குடும்பத்தாரையும் மதிக்கவில்லை. கட்டிக்கொள்ள வேண்டிய பெண்ணை விட்டு அவள் தாயோடு உறவு வைத்துக்கொண்டான். பெரனிகே ஆட்களோடு தாயின் படுக்கையறைக்கே போய் அவனை வெட்டச் செய்தார். வாசலில் நின்றபடி, அம்மாவை விட்டுவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்கிறார் ஜஸ்டின். அபாமா தன் மாப்பிள்ளையை உடம்பால் மறைத்துக் காப்பாற்றப் பார்த்தாராம்.

அதற்குப் பிறகு சைரீனில் கொஞ்சக் காலம் குழப்பம். மெகலோபொலிஸிலிருந்து எக்தெமஸ், டெமோஃபனிஸ் என்று இரண்டு பேரை ஊரார் அழைத்து நிர்வாகத்தைச் சரி செய்யச் சொன்னார்கள் என்று பொலிபியஸ் எழுதுகிறார். கடைசியில் பெரனிகே அப்பா பேசி முடித்த மாப்பிள்ளையையே மணந்தார். அவர்தான் மூன்றாம் தாலமி. புருஷன் சிரியப் போருக்குப் போனபோது நேர்ந்துகொண்டு காணிக்கையாக வைத்த கூந்தல் காணாமல் போக, வானியலாளர் கோனன் அதை விண்மீன் கூட்டமாகக் காட்டினார். அதைப் பாட்டாக்கியவர் மறுபடியும் நம் கல்லிமாக்கஸ்தான்.

பழங்காசு

மறுதலை, நைல்நதி சொன்னதிலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆண் வாரிசு இல்லாத மாகஸுக்கு என்ன வழி இருந்தது? கொடுக்காவிட்டால் செத்த மறுநாள் எகிப்துப் படை வரும். கொடுத்ததால், சைரீன் தோற்ற நாடாகப் போகாமல் அரசியின் தாய்வீடாகப் போனது. அவர் மகள் எகிப்தின் அரசி. பேரன் எகிப்தின் நான்காம் தாலமி. 276 வரை தாலமியின் ஆளுநராக இருந்தவர், தம்பியின் வாளுக்குத் தப்பி, அந்தத் தம்பியின் சிம்மாசனத்திலேயே தன் ரத்தத்தை உட்கார வைத்துவிட்டார். அபாமாவின் திட்டம் என்ன ஆனது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுதலை

அந்தப் பேரன் பட்டத்துக்கு வந்ததும் பெற்ற தாய் பெரனிகேயையே கொல்லவிட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தம்பியையும்தான். கி.மு. 221. மாகஸ் தப்பிய வாள் மகள் மேல் விழுந்தது. நல்ல முதலீடு!

இருந்தாலும் தீச்சைகைக் கதையும் காசு விஷயமும் நான் எதிர்பார்க்காதவை. சோம்பேறி என்ற சொல்லை எடுத்துவிடலாம். கெட்டிக்காரர் என்பதற்கு இன்னும் ஆதாரம் கேட்பேன்.

சும்மாவந்தேன்

அப்போ தலைப்பை "தின்றே செத்த கெட்டிக்காரர்" என்று மாற்றிவிடலாமா?

கல்வெட்டுக்காரன்

தலைப்பை நிர்வாகிகள் பார்த்துக்கொள்ளட்டும். அலிகசுந்தர விஷயம் இங்கே பாதியில் நிற்கிறது. எபிரஸா கொரிந்தா என்று தனி இழை தொடங்குகிறேன். கொரிந்து பக்கம் வாதாட ஆள் வேண்டும். மறுதலை, நீங்கள் வருகிறீர்களா?

மறுதலை

எந்தப் பக்கம் ஆள் குறைவோ அந்தப் பக்கம் வருகிறேன்.